சும்மா நின்ற விமானங்கள்: லாவோஸ் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, வியஞ்சான்

லாவோஸின் தலைநகர் வியஞ்சானின் நடுவில் பதுக்சாய் என்று ஒரு வெற்றி வளைவு நிற்கிறது. பாரிஸ் வளைவின் சாயல் இருந்தாலும் மேலே கோபுரங்கள், உள்கூரையில் கின்னரிகள், ராமாயணக் காட்சிகள் என்று முழுக்க இந்த மண்ணுக்குரியதாக ஆக்கிவிட்டார்கள். 1950களின் கடைசியில் தொடங்கி சுமார் பத்து வருடம் கட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் அமெரிக்கா கொடுத்தது. கொடுத்தது இதற்காக இல்லை, விமான ஓடுதளம் போட. ஊர்க்காரர்கள் இதைச் 'செங்குத்து ஓடுதளம்' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு இந்த நாட்டின் மக்கள்தொகை இருபது லட்சத்துச் சொச்சம். கடல் கிடையாது. மலை, காடு, நெல் வயல், புத்த விகாரைகள், அவ்வளவுதான். பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு வல்லரசு இங்கே ஏன் ஓடுதளம் போட நினைத்தது? இந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன். நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. படித்ததையும் பார்ப்பதையும் ஒவ்வொரு நாளும் இரவில் எழுதிப் போடப் போகிறேன்.

ராத்திரி மீகோங் கரைக்குப் பக்கத்தில் தமிழர் ஒருவர் நடத்தும் உணவகத்தில் தோசை கிடைத்தது. "வாங்க தம்பி, ஊர் எது?" என்று ஆரம்பித்து, சியாங் குவாங் மாகாணம் போகப் போகிறேன் என்றதும் அவர் சொன்ன முதல் விஷயம், "அங்கே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க." இரண்டாவது, "நடக்கிற பாதையை விட்டு இறங்காதீங்க. அவசரத்துக்கு ஒதுங்குறதா இருந்தாக்கூட ஓட்டுநரைக் கேட்டுட்டு ஒதுங்குங்க." சரி அண்ணே என்றேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

திங்கள், வியஞ்சான்

இன்று முழுக்கக் கோப் மையத்தில் கழிந்தது. கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு பொருத்தும் மறுவாழ்வு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்ன அருங்காட்சியகம். அனுமதிக் கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டால் நன்கொடை போடலாம்.

ஒரு பகுதியில் பழைய செயற்கைக் கால்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். இவை மருத்துவமனையில் செய்தவை அல்ல. கால் போனவர்களே வீட்டில் செய்துகொண்டவை. மூங்கிலைப் பிளந்து ஒன்று, மரத்தைச் செதுக்கி ஒன்று, உலோகத் தகட்டை வளைத்து ஒன்று. பல வருடம் அதையே கட்டிக்கொண்டு வயலில் வேலை செய்துவிட்டு, ஒருநாள் இங்கே வந்து சரியான கால் கிடைத்ததும் பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மரக்காலின் மேல்விளிம்பில், தொடை உட்காரும் இடத்தில், துணி சுற்றிச் சுற்றித் தேய்ந்து மரம் வழவழவென்று ஆகியிருந்தது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

கூரையிலிருந்து கம்பிகளில் தொங்குகின்றன உருண்டை உருண்டையாகச் சிறு குண்டுகள். டென்னிஸ் பந்து அளவுதான். இங்கே எல்லோரும் 'பாம்பி' என்கிறார்கள். ஒரு பெரிய உறைக்குள் இப்படி 600க்கும் மேல் அடைத்திருப்பார்கள். விமானத்திலிருந்து விழுந்த உறை நடுவானில் இரண்டாகத் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பவை சிதறும். உருண்டையின் மேலே சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றன. விழும்போது காற்று அவற்றைப் பிடித்து உருண்டையைச் சுழற்றும், அந்தச் சுழற்சியில்தான் குண்டு வெடிக்கத் தயாராகும். உருண்டையின் ஓட்டில் நூற்றுக்கணக்கான எஃகுமணிகள் பதித்திருக்கும். கான்கிரீட் பாலத்தையோ டாங்கியையோ இது ஒன்றும் செய்யாது. இது மனித உடம்புக்கென்றே வடிவமைத்தது. கண்ணாடிப் பெட்டியில் பாதி வெட்டி வைத்த ஒன்றைப் பார்த்தால் அதில் சந்தேகமே வராது. யாரோ மேஜையில் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் எத்தனை மணி பறந்தால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறவர் விழுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

1964 முதல் 1973 வரை லாவோஸ்மீது அமெரிக்கா 5,80,000 தடவை குண்டுவீச விமானம் அனுப்பியது. போட்டது 20 லட்சம் டன்னுக்கும் மேல். சராசரி பார்த்தால் எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம், இரவும் பகலும், ஒன்பது வருடம். அன்றைய மக்கள்தொகைக்கு வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் சுமார் 30 சதவீதம் வெடிக்காமல் மண்ணில் புதைந்துவிட்டன. அதாவது 8 கோடி.

1964லிருந்து 2008 வரை குண்டுவீச்சிலும் வெடிக்காத குண்டுகளிலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் 50,000 பேருக்கு மேல். அதில் சுமார் 20,000 பேர் போர் முடிந்த பிறகு அடிபட்டவர்கள்.

செவ்வாய், போன்சவான்

காலையில் சீனர்கள் போட்ட புது ரயிலில் வாங் வியங் வரை வந்தேன். அதிவேகமும் சுத்தமும் வியக்க வைத்தன. 2021 டிசம்பரில் தொடங்கிய ரயில். அங்கிருந்து வேனில் மலைப்பாதை. வளைவுக்கு மேல் வளைவு, பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகள் வாந்தி. சாயங்காலம் சியாங் குவாங் மாகாணத் தலைநகரான போன்சவான் வந்து சேர்ந்தபோது ஸ்வெட்டர் சொன்ன அண்ணனை நினைத்துக்கொண்டேன். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் உயரம்.

வழியெல்லாம் படித்துக்கொண்டு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது இல்லாமல் நாளைக்குப் பார்ப்பது புரியாது.

1954ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து கிளம்பினார்கள். ஒரு நாடு கம்யூனிஸ்ட் ஆனால் பக்கத்து நாடுகளும் வரிசையாக விழும் என்று அதே வருடம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் பேசினார். 1961 ஜனவரியில் பதவியை ஒப்படைக்கும்போது கென்னடியிடம் அவர் அழுத்திச் சொன்ன நாடு வியட்நாம் இல்லை, லாவோஸ். 1962ல் ஜெனீவாவில் 14 நாடுகள் கூடி, லாவோஸ் நடுநிலை நாடு, வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்று கையெழுத்துப் போட்டன. அமெரிக்காவும் போட்டது, வட வியட்நாமும் போட்டது. இரண்டும் மீறின. வட வியட்நாம் படைகள் முழுதாக வெளியேறவில்லை, கிழக்கு லாவோஸ் காடுகள் வழியாகத்தான் ஹோ சி மின் பாதையில் ஆட்களையும் ஆயுதங்களையும் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

அமெரிக்கா மீறிய விதம் வேறு. ராணுவத்தை அனுப்பினால் ஒப்பந்த மீறல் என்பதால் உளவு நிறுவனமான சிஐஏவை அனுப்பியது. சிவில் உடையில் ராணுவ ஆட்கள் வந்தார்கள். மலைமேல் லோங் தியெங் என்ற இடத்தில் ஓடுதளத்தோடு ஒரு ரகசிய நகரமே எழுந்தது. எங்கே குண்டு போடலாம் என்று அனுமதி கொடுத்தவர் தளபதி அல்ல, வியஞ்சானில் இருந்த அமெரிக்கத் தூதர். 1964லிருந்து 1969 வரை வில்லியம் சல்லிவன் அந்த வேலையைச் செய்தார். நடுநிலை நாட்டுக்கு அனுப்பப்பட்ட தூதர் அந்த நாட்டின்மேல் குண்டு போட இடம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் போரை யாரிடமிருந்து மறைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எதிரியிடமிருந்து இல்லை. தலைக்கு மேல் விமானம் பறப்பது இங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹனோய்க்கும் மாஸ்கோவுக்கும் தெரியும். தெரியாமல் பார்த்துக்கொண்டது அமெரிக்க மக்களுக்கும் அவர்கள் தேர்ந்தெடுத்த காங்கிரஸின் பெரும்பாலானோருக்கும்தான். வரி கட்டியவர்கள் அவர்கள். நியாயமான காரணம் கையில் இருந்திருந்தால் அதைச் சொல்லியே பணம் கேட்டிருக்கலாமே.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சின்ன இடம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பியபோது போட்ட 1954 ஒப்பந்தத்தைக் கண்காணிக்க வந்த சர்வதேச ஆணையத்துக்கு இந்தியாதான் தலைமை, கூட கனடாவும் போலந்தும். வியஞ்சானிலிருந்து ஹனோய் கிளம்பிய அந்த ஆணையத்தின் விமானம் ஒன்று 1965 அக்டோபர் 18 அன்று காணாமல் போனது. 13 பேர் இருந்தார்கள், அதில் இந்தியர்களும் உண்டு. சண்டை போட வராதவர்கள், சண்டையை நிறுத்த வந்தவர்கள்.

புதன், போன்சவான்

ஜாடிச் சமவெளி. புல்வெளி மேடுகளில் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலுமாக நூற்றுக்கணக்கான கல்ஜாடிகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இரும்புக்கால மக்கள் ஈமச்சடங்குக்காகச் செதுக்கியவை என்கிறார்கள். 1930களில் மதலேன் கொலானி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்தார். நம் ஊர் முதுமக்கள் தாழிகள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. 2019ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

ஜாடிகளுக்கு நடுவே பெரிய பெரிய பள்ளங்கள். புல் மூடிவிட்டாலும் வட்டம் வட்டமாகத் தெரிகின்றன. பக்கத்தில் பதுங்குகுழிகளும் இருக்கின்றன. இந்தச் சமவெளிக்காக வருடா வருடம் கம்யூனிஸ்ட் படைகளும் அமெரிக்க ஆதரவுப் படைகளும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள்.

பாதையோரம் தரையில் சதுரமாகச் சின்னக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளை இருக்கும் பக்கம் மண்ணுக்கு அடியிலும் சோதித்துக் குண்டு எடுத்த இடம். சிவப்புப் பக்கம் மேலாகப் பார்த்ததோடு சரி. எம்ஏஜி என்ற தொண்டு நிறுவனம் 1994லிருந்து இந்த நாட்டில் இந்த வேலையைச் செய்கிறது. ஒரு குடும்பம் போட்டோ எடுக்கப் பின்னால் பின்னால் நகர்ந்து கல் வரிசையைத் தாண்டப் பார்த்தது. எங்கள் வழிகாட்டி போட்ட சத்தத்தில் சமவெளியே திரும்பிப் பார்த்தது.

வழிகாட்டி முப்பது வயதுப் பையன், மோங் இனத்தவர். மத்தியானம் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் சாப்பிடும்போது அவரிடம் இன்னும் விபத்து எப்படி நடக்கிறது என்று கேட்டேன். குழந்தைகள் பந்து என்று எடுப்பதும், பழைய இரும்புக்கு ஆசைப்பட்டுத் தோண்டுவதும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் நெருப்பைப் பற்றி யாரும் நினைப்பதில்லை என்றார். வயலில் குளிருக்கு நாலு சுள்ளி போட்டு மூட்டுவோம், சோறு பொங்குவோம். அடியில் ஒரு சாண் ஆழத்தில் இருப்பது சூடேறி வெடிக்கும். அவருடைய மாமாவுக்கு அப்படித்தான் இடது கை போனது. அதே இடத்தில் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை சமைத்திருக்கிறார்களாம்.

இன்னொன்றும் சொன்னார். அவருடைய அம்மா புது இடத்தில் மண்வெட்டியை ஓங்கவே மாட்டார். மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் நாற்று நடுவார். ஆழ உழாத நிலம் எவ்வளவு விளையும் என்று விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இறந்தவர் கணக்கில் வராத நஷ்டம் இது. கால்வாய் வெட்ட முடியாது, பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன்னால் நிலத்தைச் சோதிக்க வேண்டும், ரோடு போடச் செலவு கூடும். ஐ.நா.வின் 17 வளர்ச்சி இலக்குகளோடு லாவோஸ் தனக்கென்று பதினெட்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டது 2016ல். வெடிக்காத குண்டுகளிலிருந்து விடுபட்ட வாழ்வு என்பதுதான் அந்த இலக்கு.

வியாழன், தம் பியூ குகை

போன்சவானிலிருந்து வடகிழக்கே அறுபது கிலோமீட்டர் போல. வழியில் சில வீடுகளில் குண்டு உறைகளை வேலித்தூணாக நட்டிருக்கிறார்கள், நீளவாக்கில் பிளந்து மண் நிரப்பி வெங்காயத்தாள் வளர்க்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் இறங்கி இறங்கிப் படம் எடுத்தார்கள். நானும் ஒரு படம் எடுத்தேன். நல்ல இரும்பு, வீணாக்குவானேன் என்று ஏழை வீட்டில் யாரும் செய்வதுதான்.

குகை ஒரு சுண்ணாம்புப் பாறையின் நடுவில் இருக்கிறது. கீழே சின்ன அருங்காட்சியகம், செத்த குழந்தையைத் தூக்கி நிற்கும் ஒரு மனிதனின் சிலை. அப்புறம் படிகள். வாயில் அகலமானது, உள்ளே போகப் போக இருட்டு. பகலெல்லாம் குண்டு விழுந்ததால் சுற்று வட்டார மக்கள் குகையில் வாழ்ந்துகொண்டு இரவில் போய் வயல் வேலை பார்த்தார்கள். உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம். 1968 நவம்பர் 24 அன்று விமானத்திலிருந்து ஏவிய ராக்கெட் நேராகக் குகை வாய்க்குள் புகுந்து வெடித்தது. 374 பேர் இறந்தார்கள் என்று நினைவிடம் சொல்கிறது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். பாறைச் சுவரில் இன்னும் கருப்பு அப்பியிருக்கிறது. ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு வந்தேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் சிறு கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள், குகைத் தரை முழுக்க.

இப்போது தேதியைக் கவனியுங்கள். 1968 நவம்பர் 1 முதல் வட வியட்நாம்மீது குண்டு போடுவதை நிறுத்துகிறோம் என்று அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் அறிவித்தார். உலகம் முழுக்க வரவேற்பு. பாரிஸில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அந்த விமானங்கள் எங்கே போயின? தாய்லாந்துத் தளங்களிலிருந்து இங்கே திரும்பிவிடப்பட்டன. அமைதி பேசிய அந்த மாதங்களிலிருந்துதான் வடக்கு லாவோஸில் குண்டுவீச்சு பல மடங்கு கூடியது.

ஏன்? அடுத்த வருடம் அக்டோபரில் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு மூடிய அறையில் இதை விசாரித்தது. வியஞ்சான் தூதரகத்தின் இரண்டாம் நிலை அதிகாரி மான்டீகிள் ஸ்டேர்ன்ஸ் பதில் சொன்னார். அத்தனை விமானங்கள் சும்மா நின்றன, ஒன்றும் செய்யாமல் அவற்றை அப்படியே நிறுத்தி வைத்திருக்க முடியாதே என்பதுதான் அந்தப் பதில்.

குகையிலிருந்து இறங்கும்போது இந்த வாக்கியம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போருக்குக் காரணம் என்று முதலில் சொன்னது கம்யூனிஸம். அப்புறம் ஹோ சி மின் பாதை. ஆனால் அந்தப் பாதை தெற்கே இருக்கிறது, இந்தச் சமவெளி அதிலிருந்து வெகுதூரம். கடைசியில், விமானங்கள் இருக்கின்றன, விமானிகள் இருக்கிறார்கள், குண்டுகள் கிடங்கில் இருக்கின்றன, அதனால் போடுகிறோம். வியட்நாமில் இலக்கைத் தொட முடியாமல் திரும்பிய விமானங்கள் குண்டோடு தரையிறங்கக் கூடாது என்பதற்காக லாவோஸில் கொட்டிவிட்டுப் போனதும் உண்டு. கீழே வீடு இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

பெரிய சித்தாந்தம் எதிலும் நம்பிக்கை இல்லாதவர்கூட ஒன்றை ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஒரு போர் தொடங்க யாரோ ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடரக் காரணமே வேண்டாம் போலிருக்கிறது. வைத்திருக்கிற படையும் ஒதுக்கிய பணமும் போதும்.

வெள்ளி, முவாங் கூன், நாபியா

முவாங் கூன் இந்த மாகாணத்தின் பழைய தலைநகரம். இப்போது சாலையோரச் சிற்றூர். விகாரையில் கூரை போய்விட்டது, செங்கல் தூண்கள் மட்டும் நிற்க, நடுவில் பெரிய புத்தர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். முகம் சிதைந்திருக்கிறது. போருக்கு முன் இங்கே ஏராளமான கோவில்கள் இருந்தனவாம். ஒரு பாட்டி கோவில் வாசலில் மெழுகுவத்தியும் பூவும் விற்றார். வாங்கி வைத்துக் கும்பிட்டேன்.

இந்தச் சமவெளியின் மக்களில் ஆயிரக்கணக்கானோரை 1970 வாக்கில் விமானத்தில் ஏற்றி வியஞ்சான் அகதி முகாம்களில் விட்டார்கள். அங்கேதான் பிரெட் பிரான்ஃப்மன் என்ற அமெரிக்கத் தொண்டர் அவர்களைச் சந்தித்தார். லாவோ மொழி தெரிந்தவர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதினார், பார்த்ததை வரைந்து தரச் சொன்னார். விவசாயிகள் வரைந்த பென்சில் படங்கள்: எருமை கிடக்கிறது, வீடு எரிகிறது, மேலே விமானம். 1971ல் செனட் குழு முன் போய்ச் சாட்சியும் சொன்னார். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில்தான் ஜனாதிபதி நிக்சன், லாவோஸில் தரைச் சண்டையில் அமெரிக்கர் ஒருவர்கூட இறந்ததில்லை என்று அறிக்கை விட்டார். சில நாளிலேயே அது பொய் என்று வெளிவந்துவிட்டது. தன் நாட்டுக்காகச் செத்த சொந்த ஆளையே இல்லை என்று சொல்ல வைத்தது இந்தப் போர். இன்னொரு நாட்டு விவசாயியை எப்படிக் கணக்கில் வைப்பார்கள்?

மத்தியானம் நாபியா கிராமம். கரண்டி ஊர் என்று பேர் வாங்கியது. வீட்டுக்குப் பின்னால் களிமண் உலை, விறகு நெருப்பு. போரில் மிஞ்சிய அலுமினியத் துண்டுகளை உருக்குகிறார்கள். ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், இரண்டு பலகையாகப் பிரியும் மர அச்சை மூடிக் காலால் அழுத்திப் பிடித்தார். அச்சின் உட்புறம் சாம்பல் குழைத்துப் பூசியிருக்கிறது. நீளக் கைப்பிடி அகப்பையால் உருகியதை மொண்டு சின்னத் துளை வழியாக ஊற்றினார். சில நொடிதான். அச்சைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஒரு சூப் கரண்டி. விளிம்பில் ஒட்டியிருந்த பிசிறைக் கத்தரித்து மறுபடி உலையில் போட்டார். அதற்குள் பேரன் வந்து மடியில் ஏற, அவனை ஒரு கையால் தள்ளி வைத்துவிட்டு அடுத்த அச்சு. சந்தையில் நூடுல்ஸ் கடைகளுக்கு மொத்தமாகப் போகிறதாம். ஆறு கரண்டி வாங்கினேன். சில கடைகளில் குண்டு உறையையே நினைவுப்பொருளாக விற்கிறார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். நாம் வாங்க வாங்க யாரோ ஒரு சிறுவன் போய்த் தோண்டுவான்.

சனி, போன்சவான்

மழை. வெளியே போகவில்லை. வழிகாட்டி காபி குடிக்க வந்தார், பேசிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவுக்காகத் தரையில் சண்டை போட்டவர்கள் பெரும்பாலும் மோங் மலைமக்கள். தளபதி வாங் பாவ், பணமும் துப்பாக்கியும் சிஐஏ. அரிசி வானத்திலிருந்து விழும். வயலை விட்டுவிட்டு சம்பளத்துக்குச் சண்டை போட்டால் அரிசிக்கும் அதே ஆட்களைத்தானே நம்பியிருக்க வேண்டும்? 1968ல் எட்கர் ப்யூல் என்ற அமெரிக்க உதவிப் பணியாளர் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. புதிதாகச் சேர்த்த முந்நூறு பேரில் 30 சதவீதம் பதினாலு வயதும் அதற்குக் கீழும். பத்துப் பேருக்குப் பத்தே வயது. இன்னொரு 30 சதவீதம் பதினைந்து, பதினாறு. மிச்சம் முப்பத்தைந்துக்கு மேல். நடுவில் இருக்க வேண்டியவர்கள் எங்கே? செத்துவிட்டார்கள் என்றார் அவர்.

1975 மே மாதம் லோங் தியெங்கிலிருந்து தளபதியையும் சில ஆயிரம் பேரையும் விமானத்தில் ஏற்றினார்கள். மற்றவர்கள் ஓடுதளத்தில் நின்றார்கள். பிறகு மீகோங்கை நீந்தித் தாய்லாந்துக்கு ஓடினார்கள், பலர் ஆற்றிலேயே போனார்கள். ஜெயித்த கம்யூனிஸ்ட் அரசும் அவர்களை விடவில்லை, காட்டுக்குள் வேட்டையாடியது. அரசரை மறுகல்வி முகாமுக்கு அனுப்பியது, அவர் அங்கேயே இறந்தார். தப்பியவர்களின் பிள்ளைகள் இன்று மினசோட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் பெருங்கூட்டமாக இருக்கிறார்கள்.

"உங்கள் குடும்பம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "தாத்தா அந்தப் பக்கம், அவர் தம்பி இந்தப் பக்கம். ரெண்டு பேரையும் ரெண்டு நாடு வந்து கூப்பிட்டது. பாட்டிகள் ரெண்டு பேரும் ஒரே குகையில்தான் ஒளிந்திருந்தார்கள்" என்றார்.

ஞாயிறு, வியஞ்சான்

திரும்பும் வழியில் தம்பி போன் பண்ணினான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதைக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்டான். ஒபாமாதான் வந்து பணம் கொடுத்துவிட்டாரே என்றான்.

கொடுத்தார், உண்மை. 2016 செப்டம்பரில் இந்த ஊருக்கு வந்தார், பதவியில் இருக்கும்போது லாவோஸ் வந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர்தான். இரண்டாம் உலகப்போர் முழுக்க ஜெர்மனி, ஜப்பான் இரண்டின்மீதும் போட்டதைவிட அதிகக் குண்டு லாவோஸில் போட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். குண்டு அகற்ற மூன்று வருடத்துக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். தார்மிகக் கடமை என்றார், மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பணத்தில் நிறைய நிலம் சுத்தமானது, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்து வாஷிங்டனில் ஓர் ஆணை போட்டதும், குண்டு எடுக்கிறவர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. குண்டு போட அன்று காங்கிரஸைக் கேட்கத் தேவைப்படவில்லை. எடுப்பதை நிறுத்தவும் ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது.

அப்புறம், இது ஐம்பது வருடக் கதை மட்டும் இல்லை. இந்தச் சிறு குண்டுகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் 2008ல் ஆஸ்லோவில் கையெழுத்தானது, 2010ல் அமலுக்கு வந்தது. உறுப்பு நாடுகளின் முதல் கூட்டம் இதே வியஞ்சானில் அந்த நவம்பரில் நடந்தது. அமெரிக்கா சேரவில்லை, ரஷ்யா சேரவில்லை, சீனா சேரவில்லை. உக்ரைனில் ரஷ்யா இவற்றைப் போட்டது, உக்ரைனும் போட்டது. 2023ல் அமெரிக்கா தன் கிடங்கிலிருந்து உக்ரைனுக்கு அனுப்பியது. 2025 மார்ச்சில் லித்துவேனியா ஒப்பந்தத்திலிருந்தே விலகியது. ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள். இன்று உக்ரைன் கோதுமை வயலில் விழுந்தது 2070ல் யார் அடுப்புக்கு அடியில் இருக்கும்?

இந்தியாவும் சேரவில்லை. 1954ல் இந்த நாட்டின் அமைதிக்குப் பொறுப்பேற்று வந்தவர்கள் நாம். சேராமல் இருக்க நாம் சொல்லும் பாதுகாப்புக் காரணங்களை நான் படித்திருக்கிறேன், தம் பியூவுக்குப் போய் வந்த பிறகு அவை எனக்குப் போதவில்லை. சேர வேண்டும் என்று என் தொகுதி எம்.பி.க்கு எழுதப் போகிறேன். தம்பியையும் எழுதச் சொன்னேன், சரி என்றிருக்கிறான்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது, ஆனால் போன்சவானில் ராத்திரி நடுக்கும். வியஞ்சானிலிருந்து விமானமும் உண்டு, மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதில் போங்கள். தம் பியூவுக்கு உள்ளூர் வழிகாட்டியோடு போவது நல்லது, அரைநாள் ஒதுக்குங்கள். கோப் மையத்தில் நன்கொடைப் பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.